யாருக்கும் கொடுக்க முடியாத போர்வை

என் தங்கைக்கு நான் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் வந்து எனக்கு டீ கொடுத்தாள். வந்த கோபத்தில் அந்த டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

மெரூன் கலர் ஸ்வெட்டர். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி, கழுத்தில் குத்தாத கம்பளியாகத் தேடி வாங்கியது. ஆஞ்சலாவுக்குக் கழுத்தில் முரட்டுத் துணி பட்டால் உடனே தடித்துவிடும். அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மடம் சர்ஜாபூர் ரோட்டைத் தாண்டி, சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. எங்கள் வீடு இருக்கும் விவேக் நகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்காரர்கள் போய்ப் பார்க்கலாம். அங்கே விடியற்காலையில் குளிர் எலும்பைப் பிடிக்கும் என்று அவள்தான் ஒருமுறை வாய்தவறிச் சொன்னாள். அதற்காக வாங்கிய ஸ்வெட்டர் அது.

"அது நான் உனக்குக் குடுத்ததாச்சே?" என்றேன் ஆஞ்சலாவிடம்.

"அவ ராஞ்சிப் பொண்ணுக்கா. வரும்போது ஒண்ணுமே எடுத்துனு வரல. மதர் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

"மதர் கேட்டா குடுத்துடுவியா? நான் உனக்குன்னு பாத்துப் பாத்து வாங்கினேன்."

ஆஞ்சலா சிரித்தாள். "இங்க எனக்குன்னு எதுவும் கிடையாதுக்கா. எட்டு மாசம் கழிச்சு வார்த்தைப்பாடு குடுக்கும்போது அதைத்தானே சொல்லப்போறேன்? யாரு எது குடுத்தாலும் மதர்கிட்ட போயிடும். யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போவும். நீ பேனா வாங்கிக் குடுத்தாக்கூட அப்டித்தான்."

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நாங்கள் குழந்தை யேசு கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு உண்டு என்பது ஞானோபதேச வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் படிக்கிறபோது அதில் நான் வாங்கின ஸ்வெட்டரும் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே எரிச்சல். ஸ்வெட்டர் போனதற்காக இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மடத்துக்குள் அவளிடம் என் ஞாபகமாக ஒரு குண்டூசிகூட இருக்காது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து நான்தான் எல்லாம். சிவாஜிநகரில் நிசார் பாய் கடையில் திரைச்சீலை தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். லாயிட்டைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "என் தங்கச்சியும் கூட வருவா, இஷ்டம்னா சொல்லு" என்றுதான் ஆரம்பித்தேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனிதர், பத்துப் பிள்ளைகள் கத்துவதையே பொறுத்துக்கொள்கிறவர், அவளையும் பொறுத்துக்கொண்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆஞ்சலா வீட்டில் இருந்தவரை அது ஒரு குறையாகவே எனக்குப் பட்டதில்லை.

பி.காம். படித்தாள். ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "அக்கா, நான் சிஸ்டரா போலாம்னு இருக்கேன்" என்றாள். நான் என்னென்னவோ கத்தினேன். "உன்ன வளத்தது இதுக்காடி?" என்றேன். அவள் மடத்துக்குப் புறப்பட்ட நாள் லாயிட்தான் வேனில் கொண்டுபோய் விட்டார். நான் போகவில்லை. கடைக்குப் போய் ஒரு ஹோட்டலுக்கான நாற்பது திரைச்சீலைக்கும் மடிப்புத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. சண்டை போட்டால் மறுநாள் மீன் வாங்கி வறுத்து வைப்போம், அவ்வளவுதான். மடத்துக்கு மீன் கொண்டுபோக முடியாது.

அந்த பஸ்ஸில்தான் எனக்கு யோசனை வந்தது. ஸ்வெட்டர் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும், அதனால் கொடுத்துவிட்டார்கள். வேறு யாருக்குமே கொடுக்க முடியாத ஒன்றைச் செய்தால்? அவளைத் தவிர யாருக்கும் அர்த்தமே புரியாத ஒன்றைத் தைத்தால், மதர் என்ன, ஆர்ச்பிஷப்பே வந்தாலும் அதை அவளிடமே விட்டுவைக்கத்தானே வேண்டும்? எட்டு மாதத்தில் முதல் வார்த்தைப்பாடு. அன்றைக்குக் குடும்பத்தார் பரிசு கொடுப்பது வழக்கம். ஆஞ்சலாவின் வாழ்க்கை முழுவதையும் ஒரு ரஜாயில், பஞ்சு வைத்த போர்வையில், தைத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் மாற டொம்லூரில் இறங்க மறந்துவிட்டேன்.

துணிக்குப் பஞ்சமில்லை. திரைச்சீலைக் கடையில் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் மாதிரித் துணிப் புத்தகங்கள் உண்டு. கெட்டி அட்டைக்குள் ஒரு முழ அகலத்துக்கு வகைவகையான துண்டுகள் இருக்கும். அந்த டிசைன் நின்றுபோனால் புத்தகம் குப்பைக்குத்தான் போகும். நிசார் பாயிடம் கேட்டேன்.

"லே ஜாவ் லீனாம்மா. இங்க ஜாகாவே இல்ல. எடுத்துனு போ, எனக்குப் புண்ணியம்" என்றார்.

வெல்வெட், லினன், சாட்டின், வெயில் தடுக்கும் தடித்த துணி என்று பதினோரு புத்தகங்களை லாயிட்டின் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவேன். கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறு துணியில் உருவம் வெட்டி வைத்துத் தைத்தேன். திரைச்சீலைக்குக் கோடு நேராக இருந்தால் போதும். நாயின் வாலுக்கு அது போதாது. முதல் நாயைப் பார்த்து லாயிட், "இன்னா இது, சுரைக்காயா?" என்றார். பிரித்து மறுபடி தைத்தேன்.

அந்த நாயின் பேர் கமிஷனர். எங்கள் தெரு நாய். அது ஆஞ்சலாவைத் துரத்தி என்னைக் கடித்தது. அதற்கு ஒரு கட்டம்.

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் அங்கிளின் பட்டர் ஃப்ரூட் மரத்துக்கு ஒரு கட்டம். அதில் ஏறிய ஆஞ்சலா அவர் வீட்டுத் தகரக் கூரைமேல் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். கூரைக்குப் பளபளக்கும் சாம்பல் சாட்டின் கச்சிதமாகப் பொருந்தியது.

இன்னொன்றில் ஒரு சீப்பு. கிறிஸ்துமஸுக்குக் குல்குல் பலகாரம் செய்யும்போது மாவை உருட்டி வரிவரியாக அழுத்தப் புதுச் சீப்பு ஒன்று வைத்திருப்போம். ஒன்பது வயது ஆஞ்சலா அதை விட்டுவிட்டுப் பேன் சீப்பை எடுத்து ஒரு கிலோ மாவையும் உருட்டி முடித்துவிட்டாள். அம்மா பார்ப்பதற்குள் அத்தனையும் பொரித்துத் தெரு முழுக்கத் தட்டில் போய்விட்டது. ஃபாதர் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது எனக்கும் ஆஞ்சலாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கட்டம். எட்டு வயதில் அங்கே தொலைந்துபோனாள். இரண்டு மணி நேரம் அழுதுகொண்டே தேடினேன். கடைசியில் ஒரு காய்கறி வண்டிமேல் உட்கார்ந்து கேரட் தின்றுகொண்டிருந்தாள். முதுகில் இரண்டு வைத்தேன். அப்புறம் அவ்வளவு பெரிய பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தேன்.

நீல வலைத் துணியில் ஒரு கொசுவலை. அம்மா போனபின் ஒரு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் அதற்குள்தான் படுத்தோம். அவள் தன் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கித் தந்த குக்கர். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றுகொண்டே பரீட்சைக்குப் படித்தபோது அவள் கையில் இருந்த மஞ்சள் குடம். நடுவில் பெரிதாக, வீட்டில் கூப்பிடும் பேர்: ஆஞ்சி.

"இது ரஜாயா, போலீஸ் ஸ்டேஷன் ரிக்கார்டா? பாவம், அவ பண்ண குத்தமெல்லாம் இருக்குது" என்றார் லாயிட்.

எல்லாம் வைத்தேன். அவள் மடத்துக்குப் போன நாளை மட்டும் வைக்கவில்லை. அதற்கு எந்தத் துணியை வெட்டுவது?

வார்த்தைப்பாட்டு நாளில் மடத்துத் தோட்டத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஆறு பெண்கள். ஆஞ்சலா வெள்ளைப் புடவையில் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, தெளிவாக, தடுமாறாமல் சொன்னாள். அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது?

சாப்பாட்டுக்குப் பிறகு பரிசுகள். ரஜாயைப் பிரித்ததும் ஆஞ்சலா வாயைப் பொத்திக்கொண்டாள். கமிஷனரைப் பார்த்துச் சிரித்தாள். சீப்பைப் பார்த்ததும் சத்தமாகவே சிரித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். கொசுவலை மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. எட்டு மாத வேலைக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் அதை அழகாக மடித்து, மற்றப் பரிசுகள் இருந்த மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

மடத் தலைவி மதர் செவரின் மங்களூர்க்காரர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். அதைப் பிரித்துப் பார்த்து, "அய்யோ, தும்ப சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கு! லீனா, நீங்களா தைச்சீங்க? எவ்ளோ பொம்மை!" என்று பக்கத்தில் இருந்த சிஸ்டர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் பெருமையாக நின்றேன். "இது நம்ம பெனிட்டா சிஸ்டருக்குத்தான். படுக்கையிலேயே இருக்காங்க, பாவம். நாள் பூரா சுவரையே பாக்கறாங்க. இதுன்னா பாத்துனே இருப்பாங்க. என்ன சொல்ற ஆஞ்சலா?"

"சரி மதர்" என்றாள் என் தங்கை.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் பேர் நடுவில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறது!

வேனில் வீடு வரும்வரை நான் கத்தினதை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். லாயிட் கேட்டுக்கொண்டே ஓட்டினார். கோரமங்களா சிக்னலில் நின்றபோது, "அது அவளுக்குக் குடுத்துட்ட. அவ இன்னா பண்ணாலும் அவ இஷ்டம். உனக்கு இன்னா வேணும், அவ அதை வச்சுக்கணுமா, இல்ல உன்ன நெனச்சுக்கணுமா?" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போது எனக்கு நினைப்பு.

மூன்று வாரம் மனசு ஆறவில்லை. நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு ரஜாய் தைத்தேன். பொம்மை, பேர் எதுவும் கிடையாது. நல்ல பழுப்பு நிறக் காட்டன், உள்ளே இரட்டைப் பஞ்சு. முன்னதைவிடக் கனமானது, கதகதப்பானது. வயசானவங்களுக்கு இதுதானே சௌகரியம், அதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகத் திட்டம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, மதரிடம் பேசவேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. நான் பாதி சொல்லும்போதே மதர் புரிந்துகொண்டார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்களில் கோபம் இல்லை.

"தப்பு என்னோடது லீனா. அன்னிக்கு நான் அதை ஒரு அழகான ரஜாயின்னுதான் பாத்தேன். அது என்னன்னு ஆஞ்சலா சொல்லல. அப்றம் பெனிட்டா சிஸ்டருக்கு அவ கதை சொல்றத வாசல்ல நின்னு கேட்டப்பதான் புரிஞ்சுது." என் கையிலிருந்த பழுப்பு ரஜாயைத் தொட்டுப் பார்த்தார். "ஆஞ்சலாவும் குளிர்ல தூங்கறவதானே. இதை அங்க குடுத்துட்டு அதை எடுத்துக்கோங்க. அது அவ கட்டில்லயே இருக்கட்டும், நான் பர்மிஷன் தர்றேன். நீங்களே போயி மாத்திடுங்க. அவளும் அங்கதான் டியூட்டில இருக்கா."

ஜெயித்துவிட்டேன். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சண்டையே இல்லாமல் ஜெயிப்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நோயாளி சிஸ்டர்களுக்கான அறை பின்கட்டில் இருந்தது. நல்ல வெளிச்சம். ஜன்னலோரக் கட்டிலில் பெனிட்டா சிஸ்டர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. ஒரு பிடி உடம்பு. இடுப்புவரை என் ரஜாய். ஆஞ்சலா பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவருகில் நிற்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"இது யாரு?" என்றார் சிஸ்டர், விரலால் தொட்டு.

"நீங்கதான் சொல்லணும்" என்றாள் ஆஞ்சலா.

"கமிஷனர்." ஒரு வாய் கஞ்சியை விழுங்கினார். "என்னத் தொரத்திச்சு. எங்க அக்கா நடுவுல வந்து நின்னுட்டா. அவ காலக் கடிச்சிடுச்சு. அவ அழுவல. நான்தான் அழுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்க அக்காவா? அந்தக் கடி என் காலில் இன்னும் தழும்பாக இருக்கிறது.

ஆஞ்சலா என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கோச்சுக்காதக்கா. அவங்களுக்கு ஞாபகம் போயிடுச்சு. தினம் கேப்பாங்க, தினம் சொல்லுவேன். பத்து நாள்ல எல்லாத்தையும் அவங்களோடதா ஆக்கிக்கிட்டாங்க."

"அவங்களுக்குச் சொந்தமா இல்லியா சொல்றதுக்கு?"

"இல்லக்கா. கோலார் தங்கவயல்ல ஒரு அனாதை இல்லத்து வாசல்ல கிடந்தவங்க. அங்கயே வளந்து, பதினேழு வயசுல நேரா மடத்துக்கு வந்துட்டாங்க. வீடுன்னு ஒண்ணே கிடையாது. யாரு கூடவும் சண்டை போட்டதுகூட இல்லியாம்."

சண்டை போட ஒரு ஆள்கூட இல்லாமல் எண்பத்து மூன்று வருஷமா? எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, அதுதான் தோன்றியது. இருந்தாலும் கையில் பழுப்பு ரஜாய் கனத்துக்கொண்டிருந்தது. வந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று கட்டிலருகே போனேன்.

"சிஸ்டர், குளுருக்கு நல்லதா வேற ஒண்ணு எடுத்துனு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. காய்கறி வண்டிக் கட்டத்தில் விரலை வைத்திருந்தார். எதிரில் யார் இருந்தாலும் சொல்லத்தான் போகிறார் என்று தெரிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சிட்டேன்னு எல்லாரும் நெனச்சாங்க. தொலையல. வேணும்னுதான் ஒளிஞ்சேன்."

நான் ஆஞ்சலாவைப் பார்த்தேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஒளிஞ்சீங்க?" என்றேன்.

"அக்கா என்னத் தேடுவாளான்னு பாக்கறதுக்கு." சிரித்தார். பல் கிடையாது. "தேடினா. ரெண்டு மணி நேரம் தேடினா. அடிச்சா. அப்றம் தூக்கினு நடந்தா. நான் பெரிய பொண்ணு, கால் ரெண்டும் தரையில இடிக்குது. எறக்கிவிடவே இல்ல."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்தொன்பது வருஷம். ஒருமுறைகூட அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுபடியும் முதுகில் இரண்டு விழும் என்று பயந்திருப்பாள். விழுந்திருக்கும்தான்.

சிஸ்டர் ஒவ்வொரு கட்டமாகப் போனார். மரம், சீப்பு, கொசுவலை. சீப்பு வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஃபாதருக்குச் சொல்லிவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கடைசிக் கட்டமும் முடிந்தது. விரல் துணியின் ஓரத்துக்குப் போய், அங்கே எதையோ தேடுவது போல முன்னும் பின்னும் நகர்ந்தது.

"இதுல ஒரு நாள் இல்ல" என்றார்.

"எது சிஸ்டர்?"

"நான் மடத்துக்கு வந்த நாள். எல்லாரோட வீட்டுலருந்தும் வந்தாங்க. எங்க அக்கா வரல. நான் கேட்டாண்டையே நின்னேன். ஒரு ஆட்டோ சத்தம் கேட்டாக்கூட எட்டிப் பாத்தேன். மணி அடிச்சுட்டாங்க. உள்ள போவணும். அப்பவும் திரும்பிப் பாத்தேன்."

ஆஞ்சலா, "சிஸ்டர், போதும், கஞ்சி ஆறுது" என்று அவசரமாகக் கிட்டே வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. அந்தக் கதை என் காதுக்கு வருமென்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். மறந்துபோகிறவரிடம் சொன்னால் யாரிடமும் சொல்லாதது போலத்தானே?

பெனிட்டா சிஸ்டர் கிண்ணத்தைத் தள்ளினார். என்னை உற்றுப் பார்த்தார். முதல்முறையாக அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"அக்கா?" என்றார். "ஏன்க்கா வரல?"

எண்பத்து மூன்று வயது மனுஷி. முப்பத்தாறு வயதுக்காரியான என்னை அப்படிக் கூப்பிட்டார். நான் உங்கள் அக்கா இல்லை, இதோ இவளுடைய அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆஞ்சலாவும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கேள்வியை இந்த மூன்று வருஷமாக யாராவது என்னிடம் கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் என்பது கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

"கோவம்டி" என்றேன். "கடையில போயி உக்காந்துனு இருந்தேன். வந்தா உன் கையப் புடிச்சு வீட்டுக்கு இழுத்துனு வந்துடுவேன்னு பயம். நீ இல்லாம அந்த வீட்டுல யாருக்குச் சமைக்கிறதுன்னே தெரியல. அதுக்காக வராம இருந்தது தப்பு. பெரிய தப்புடி. மன்னிச்சுக்க."

சிஸ்டர் யோசித்தார். "சரி, வுடு" என்றார். என் கையை எடுத்து ரஜாய்க்குள் வைத்து மூடினார். "சாப்டியா?"

"சாப்ட்டேன்."

பழுப்பு ரஜாயை அவர் கால்மாட்டில் இரண்டாவது போர்வையாக விரித்தேன். மாற்றுகிற பேச்சை அதன்பிறகு நான் எடுக்கவில்லை. ஆஞ்சலா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் போயிற்று. சிஸ்டரின் விரல் மறுபடி துணியின் ஓரத்துக்குப் போனது. மறுபடி என்னைப் பார்த்தார். எல்லாம் துடைத்துவிட்டது போன்ற முகம்.

"அக்கா, அன்னிக்கு ஏன் வரல?"

மறுபடியும் சொன்னேன். பார்வை நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் நாலு முறை கேட்டார். நாலு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எளிதாக வந்தது.

நாலாவது முறை ஸ்டூலிலிருந்து எழுந்து, ஜன்னல் பக்கம் போய், ஆஞ்சலாவைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.